தோப்பிலிருந்து பாதை வரை: வெட்டிய மரத்தை இருசக்கர வண்டியில் இழுத்து வருவதற்கு ஒரு முழு வழிகாட்டி

மர வியாபாரியின் லாரி தார்ச்சாலையோடு நின்றுவிடும். வெட்டிய தேக்கோ மலைவேம்போ தோப்பின் நடுவில் கிடக்கும். இடையில் வாய்க்கால், வரப்பு, சொட்டுநீர்க் குழாய், இன்னும் இரண்டு வருடம் நிற்க வேண்டிய மரங்களின் வரிசை. டிராக்டரை உள்ளே விட்டால் திருப்ப இடமிருக்காது. பொக்லைன் வந்தால் தடியோடு சேர்த்து மேல்மண்ணையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கலாம். ஆனால் இப்போது அந்த நாலு பேர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இந்த இடைவெளிக்குத்தான் இரண்டு சக்கர இழுவண்டி. இணையத்தில் விற்பவர்கள் இதை லாக் டாலி என்கிறார்கள். ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையில் படம் வரைந்து காட்டினால் இரண்டு மூன்று நாளில் செய்து கொடுத்துவிடுவார்கள். இரண்டு சக்கரம், நடுவில் தடியைத் தொங்கவிடவோ தாங்கவோ ஒரு சட்டம், முன்னால் நீளமான கைப்பிடி, வண்டி இவ்வளவுதான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தரையில் இழுக்கும் தடி, கையை விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். சக்கரத்தின் மேல் ஏறிய தடி நிற்காது. வண்டி இழுக்கும் உழைப்பைக் குறைக்கிறது. நிறுத்தும் வேலையை உங்கள் தலையில் வைக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இது எப்படி நகரும் என்பதைவிட எங்கே, எதனால் நிற்கும் என்பதற்கே நான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த வகை வண்டி

பெரும்பாலும் இரண்டு வகைதான். முதலாவது வளைவு வண்டி. இரு சக்கரங்களுக்கும் நடுவே தலைகீழான ‘ப’ வடிவில் சட்டம் எழும்பி நிற்கும். தடி அதற்குக் கீழே சங்கிலியிலோ இடுக்கியிலோ தொங்கும். இரண்டாவது தாங்கு வண்டி. நேரான அச்சின் மேல் பள்ளமான ஒரு தாங்கி இருக்கும். தடி அதன் மேல் உட்காரும், பெல்ட்டால் கட்ட வேண்டும்.

என் தேர்வு தயக்கமில்லாமல் வளைவு வண்டிதான். காரணம் எடை தங்கும் உயரம். தடி கீழே தொங்குவதால் பாரம் தரையை ஒட்டியே இருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் வண்டி எளிதில் கவிழாது. தாங்கு வண்டியில் முழுப் பாரமும் அச்சுக்கு மேலே இருக்கிறது. அதோடு, தடியை முதலில் அந்த உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். மெல்லிய சவுக்குக் கழிகளை வாரிக் கட்டிக்கொண்டு போவதற்குத் தாங்கு வண்டி நல்லது. பருத்த தடிக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

வளைவு வண்டியின் யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மனிஸ்டீ என்னும் ஊரில் சைலஸ் ஓவர்பேக் என்ற வண்டிப் பட்டறைக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பத்தடி உயரமுள்ள சக்கரங்களோடு இதே வண்டியைச் செய்து விற்றார். பனி இல்லாத காலத்திலும் பைன் தடிகளைக் குதிரையால் இழுக்க அது உதவியது. தடி அச்சுக்குக் கீழே தொங்கும், வால் தரையில் உரசும், நீண்ட ஏர்க்காலே நெம்புகோல். நம் கையில் இருப்பது அதன் குட்டி.

பட்டறையில் செய்யச் சொல்வதானால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சக்கரத்துக்கு ஆட்டோவின் 4.00-8 அளவு டயரும் ரிம்மும் பொருத்தமானவை. பழைய பைக் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது, விட்டமும் பெரியது என்று பட்டறைக்காரர் ஆசை காட்டுவார். பைக் சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் கவை பிடித்திருக்கும். அது அப்படித் தாங்கப்படுவதற்கே செய்யப்பட்டது. வளைவு வண்டியில் நடுவே அச்சு ஓட முடியாது, ஒரு பக்கம் மட்டும் பிடித்த குட்டை அச்சுதான். அதில் ஆரக்கம்பிச் சக்கரத்தை மாட்டிச் சரிவில் குறுக்கே இழுத்தால் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். ஆட்டோ சக்கரம் ஒரு பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டுவதற்கென்றே வந்தது.

குட்டை அச்சு சட்டத்தோடு சேரும் வெல்டிங்தான் வண்டியின் பலவீனமான இடம். அங்கே முக்கோணத் தகடு வைத்துப் பலப்படுத்தச் சொல்லுங்கள். சட்டத்துக்கு இரண்டங்குல சி கிளாஸ், அதாவது தடித்த சுவருள்ள, இரும்புக் குழாய் போதும். சக்கரங்களுக்கு இடையே இரண்டரை முதல் மூன்றடி. வளைவின் உச்சி, உங்கள் தோப்பின் பருத்த தடியை விட அரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். மூன்றடிச் சுற்றளவுள்ள தடியின் விட்டம் ஏறத்தாழ ஓரடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அச்சிலிருந்து குறைந்தது ஐந்தடி.

கைப்பிடியின் நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. வளைவின் உச்சியில் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிக் கை அரை அடி என்று வையுங்கள். 160 கிலோ தடியின் ஒரு முனையை மட்டும் தூக்கக் கொக்கியில் 80 கிலோ விசை வேண்டும். ஐந்தடிக் கைப்பிடியின் நுனியில் அது 8 கிலோ. ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடிந்தவருக்கு இது முடியும். கைப்பிடியை மூன்றடியாகக் குறைத்தால் 13 கிலோவைத் தாண்டிவிடும்.

தடியின் எடை: வியாபாரியின் கன அடியை நம்பாதீர்கள்

நம்மூரில் உருட்டுத் தடிக்குக் கன அடி போடும் முறை பலருக்குத் தெரியும். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 36 அங்குலச் சுற்றளவும் எட்டடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் நாலரை கன அடி. அறுக்கும்போது வீணாகும் பக்கக்கட்டையைக் கழித்துப் போடும் வியாபாரக் கணக்கு இது. உருளையின் உண்மையான கன அளவு இதைவிட 27 விழுக்காடு அதிகம். அதே தடியில் உள்ள மரம் 5.7 கன அடி. விற்கும்போது எந்தக் கணக்கு என்பது உங்களுக்கும் வியாபாரிக்கும் உள்ள பேச்சு. வண்டியில் ஏற்றும்போது உண்மைக் கணக்குதான் உதவும், ஏனென்றால் பக்கக்கட்டைக்கும் எடை உண்டு.

அன்று வெட்டிய பச்சை மரத்தைத் தண்ணீரின் எடைக்குச் சமமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி: கன அடிக்கு 28 கிலோ. காய்ந்த தேக்கு இதைவிட நன்றாகவே குறையும். பச்சையாக இருக்கும்போது அந்த வித்தியாசத்தை நம்பக் கூடாது. சவுக்கு, புளி, சீமைக் கருவேலம் ஆகியவற்றுக்குக் கன அடிக்கு 32 கிலோ போடுங்கள். ஆகவே மேலே சொன்ன எட்டடித் தேக்குத் தடி ஏறத்தாழ 160 கிலோ. வியாபாரியின் நாலரையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 126 என்று நினைத்திருப்பீர்கள். அந்த 34 கிலோ சரிவில்தான் தெரியவரும்.

சமதரையில் இரண்டு பேருக்கு 250 கிலோ வரை எடுக்கலாம். 350-ஐத் தாண்டினால் டிராக்டரோ வின்ச்சோ வைத்த ஆளைக் கூப்பிடுங்கள், அல்லது தடியை இன்னொரு துண்டு போடுங்கள். துண்டு போடும் முன் வியாபாரிக்கு எந்த நீளம் வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. தேக்கில் ஓரடி குறைந்தாலும் விலை வேறு. இரு முனைகளிலும் மூன்று நாலு அங்குலம் கூடுதலாக விட்டு அறுங்கள். இழுக்கும்போது முனை சிதையும், காயும்போது வெடிக்கும்.

எடைக் கணக்கோடு அனுமதிக் கணக்கையும் முடித்துவிடுங்கள். சந்தனம், செம்மரம், தேக்கு போன்றவற்றைச் சொந்த நிலத்தில் வளர்த்திருந்தாலும் வெட்டுவதற்கும் வெளியே கொண்டுபோவதற்கும் வனத்துறை விதிகள் உண்டு. மலைப் பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. தடி சாலைக்கு வந்த பிறகு வனச்சரக அலுவலகத்துக்கு அலைவதை விட, மரம் நிற்கும்போதே போய்க் கேட்பது மேல்.

பாதையை முதலில் நடந்து பாருங்கள்

லாரி நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி மரம் கிடக்கும் இடத்துக்கு, அதாவது எதிர்த்திசையில் நடங்கள். கையில் மண்வெட்டியும் அரிவாளும் இருக்கட்டும். பாரத்தோடு வரும்போது உங்கள் கண் கைப்பிடியிலும் காலிலும்தான் இருக்கும். பாதையைப் பார்க்க நேரம் இருக்காது.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது கிணறு. தோப்புகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் இன்னும் எத்தனையோ. சரிவின் கீழ்ப்பக்கத்தில் கிணறு இருந்தால் அந்த வழியையே விட்டுவிடுங்கள், ஐம்பது மீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை. அடுத்தது தரையோடு வெட்டாத பழைய அடிக்கட்டைகள். சக்கரம் தாண்டிவிடும், தொங்கும் தடியின் வயிறு போய் முட்டும். அவற்றைத் தரைமட்டமாக அறுத்துவிடுங்கள். சருகுக் குவியலைக் கையால் அள்ளாதீர்கள், கம்பால் தள்ளுங்கள். கண்ணாடிவிரியனுக்கு அது வீடு. வெட்டும்போது மேலே மாட்டிக்கொண்ட கிளை ஏதேனும் தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். அது இறங்காமல் அதன் கீழ் எந்த வேலையும் வேண்டாம்.

மண் ஈரமும் முக்கியம். வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பாசனத்தை நிறுத்திவிடுங்கள். செம்மண் சீக்கிரம் இறுகும். கரிசலும் வண்டலும் மேலே காய்ந்ததுபோல் காட்டி, பாரம் ஏறியதும் உள்ளே வாங்கும். குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் பதிந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

வாய்க்காலைக் கடக்க இரண்டு பலகை போதும், ஆனால் இரண்டங்குலத் தடிமனுக்குக் குறையக் கூடாது. பலகை இல்லையென்றால் கழித்த கிளைகளையே வாய்க்காலின் நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கி நிரப்பிவிடலாம். தண்ணீர் இடுக்குகளில் ஓடிக்கொண்டிருக்கும், சக்கரம் மேலே போகும், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். வரப்பில் ஏறும்போது எப்போதும் நேர்க்கோணத்தில் ஏறுங்கள். கோணலாக ஏறினால் ஒரு சக்கரம் முன்னால் ஏறி, தடி மறுபக்கம் ஆடி, வண்டியையே திருப்பிவிடும்.

கடலூர், மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளைப் போல மணலாக இருந்தால் பாதையில் தென்னை மட்டைகளைக் குறுக்காகப் பரப்புங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பதும் உதவும்.

தடியை மாட்டுவது

உடை பற்றி இரண்டு வரி. ரப்பர் செருப்போடு இந்த வேலை கூடாது. முன்பக்கம் கெட்டியான ஷூ வேண்டும். தொங்கும் லுங்கியும் தோளில் துண்டும் சங்கிலிக்கு மிகப் பிடித்தவை. தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தடியில் எழும்பி நிற்கும் கிளை முண்டுகளை மட்டமாக அறுத்துவிட்டு, எந்த முனை முன்னால் வர வேண்டும் என்று தீர்மானியுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் தூர்ப்பக்கம்தான் முன்னால். பருத்த, கனத்த பக்கம் சக்கரத்துக்கு அருகில் வருவதால் வால் இலேசாகிறது. இன்னொரு காரணமும் உண்டு: கிளைகள் நுனியை நோக்கிச் சாய்ந்துதான் முளைக்கின்றன. தூர் முன்னால் போனால் மிச்சமிருக்கும் முண்டுகள் பின்னோக்கிச் சாய்ந்து வழுக்கிக்கொண்டு வரும். நுனி முன்னால் போனால் ஒவ்வொன்றும் மண்ணைக் கொத்தும்.

தடி தரையோடு ஒட்டிக் கிடந்தால் சங்கிலி நுழையாது. தடி உருளக்கூடிய பக்கத்தில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, மேட்டுப் பக்கமாக நின்று, கடப்பாரையால் தூர்முனையை இரண்டங்குலம் நெம்புங்கள். இன்னொருவர் கையளவு மரத்துண்டைக் கீழே தள்ளட்டும். தள்ளுவதற்குக் கம்பைப் பயன்படுத்துங்கள். விரல் எந்தக் காரணத்துக்காகவும் தடிக்குக் கீழே போகக் கூடாது, ‘ஒரு நொடிதானே’ என்பதற்காகவும் கூடாது.

சங்கிலிக்கு 8 மில்லிமீட்டர், கிரேடு 80 கேட்டு வாங்குங்கள். அதன் பாதுகாப்பான தூக்கும் திறன் 2 டன், நம் வேலைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. நைலான் கயிற்றில் தடியைத் தொங்கவிடாதீர்கள். அது பாரத்தில் நீளும். நீண்டபின் அறுந்தால் முனை சாட்டையாகத் திரும்பி வரும். சங்கிலியைத் தடியைச் சுற்றிப் போட்டு, கொக்கியைச் சங்கிலியிலேயே ஓடும் சுருக்காக மாட்டுங்கள். பாரம் ஏற ஏறச் சுருக்கு இறுகும். பட்டை உரியும் பருவத்தில், முக்கியமாக யூக்கலிப்டஸில், சங்கிலி படும் இடத்தில் பட்டையை முதலிலேயே செதுக்கி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் பட்டையோடு சேர்ந்து சங்கிலி கழன்று வரும்.

இப்போது வண்டியைத் தடியின் மேல் கால் பரப்பி நிற்பதுபோல் பின்னுக்குத் தள்ளிக் கொண்டுவாருங்கள். கைப்பிடியைச் செங்குத்தாக நிமிர்த்தினால் கொக்கிக் கை கீழே தாழும். சங்கிலியைக் குறைந்த நீளத்தில் அதில் மாட்டுங்கள். தளர்வு ஓர் அங்குலம் இருந்தால்கூட அந்த அளவுக்குத் தூக்கல் வீணாகும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். பிறகு கைப்பிடியை மெல்லக் கீழே இழுங்கள், தடி எழும்பும்.

இந்த வேலையில் அதிகம் காயப்படுத்துவது இந்தக் கட்டம்தான். கைப்பிடியைப் பாதி இறக்கியிருக்கும்போது பிடி நழுவினால் தடியின் பாரம் முழுவதும் அதை மேல்நோக்கி வீசும். முகவாய் அந்தப் பாதையில் இருந்தால் பல் மிஞ்சாது. கைப்பிடிக்கு நேர்மேலே குனியாமல் ஒரு பக்கமாக நின்று, கையை நீட்டியே இறக்குங்கள். இறக்கியதும், முன்னால் நகர்வதற்கு முன்பு, கைப்பிடியைத் தடியின் முன்முனையோடு ரேச்சட் பெல்ட்டால் (நெம்பி இறுக்கும் பூட்டுள்ள பட்டை) கட்டிவிடுங்கள். கட்டாத கைப்பிடியோடு ஓரடிகூட நகரக் கூடாது.

சமநிலைப் புள்ளி

தடியைத் தொங்கவிட இரண்டு விதம் இருக்கிறது, இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, மூக்கை மட்டும் தூக்குவது. முன்முனையிலிருந்து ஓரடி ஒன்றரை அடியில் சங்கிலி. பாதி எடை சக்கரத்தில், மீதி வாலில். வால் மண்ணில் உரசிக்கொண்டே வரும். இழுக்கக் கடினம், ஆனால் வால்தான் உங்கள் பிரேக்.

மற்றது, முழுத் தடியையும் சமநிலையில் தொங்கவிடுவது. வால் தரையைத் தொடாது. கெட்டியான சமதரையில் 160 கிலோ தடியை ஒருவரே நடைவேகத்தில் கொண்டுவரலாம். தூர் பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால் சமநிலைப் புள்ளி நட்டநடுவில் இருக்காது, தூர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். உத்தேசமாக ஓரிடத்தில் மாட்டி, அரை அங்குலம் தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மாற்றுவதுதான் விரைவான வழி.

துல்லியமான சமநிலை வேண்டாம். அச்சுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் எடை இருக்கட்டும். 160 கிலோ தடியை ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினால் ஐந்தடிக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ மாறும். இரண்டு அங்குலம் முன்னால் இருந்தால் கையில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். அவ்வளவு போதும்: கையை விட்டால் மூக்கு தரையில் ஊன்றி வண்டி நின்றுவிடும். பின்பக்கம் கனத்தால் நீங்கள் கைப்பிடியை அமுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு குலுக்கலில் அது மேலே எகிறும்.

நீளமான தடிகளில் ஒரு சிக்கல் உண்டு. பன்னிரண்டடித் தடியைச் சமநிலையில் தொங்கவிட்டால் அச்சுக்கு முன்னால் ஐந்தடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்தடிக் கைப்பிடி தடியின் மூக்கோடு முடிந்துவிடும், ஒவ்வோர் அடிக்கும் குதிகாலில் தடி இடிக்கும். அத்தகைய தடிகளுக்குக் கைப்பிடியில் செருகும் நீட்டுக்குழாய் செய்துகொள்ளுங்கள், அல்லது மூக்கை மட்டும் தூக்கும் முறையோடு நின்றுகொள்ளுங்கள்.

இழுப்பது, ஏற்றம், இறக்கம்

சமதரையில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தரையிலிருந்து நாலைந்து அங்குலத்துக்கு மேல் தூக்க வேண்டாம். திருப்பங்களில் வால் அகலமாகச் சுழலும் என்பதால் பின்னால் வருபவர் இரண்டு தடி நீளம் தள்ளி நடக்கட்டும். குழந்தைகளும் நாயும் வேலை முடியும்வரை தோப்புக்கு வெளியே.

ஏற்றத்தில் கணக்கு எளிது. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் பாரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதல் இழுவையாகக் கேட்கும். 160 கிலோவுக்கு 16 கிலோ. இது சமதரையில் ஏற்கெனவே இழுப்பதற்கு மேல். ஒருவர் கைப்பிடியில், இன்னொருவர் வண்டிச் சட்டத்தில் கட்டிய கயிற்றில், மூன்றாமவர் பக்கவாட்டில் நடந்தபடி ஒவ்வொரு நாலைந்து அடிக்கும் சக்கரத்தின் பின்னால் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டு. முட்டுக்கட்டைக்கு ஒரு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் குனிந்து எடுக்கும் வேலையும் மிச்சம், கையும் சக்கரத்தருகே போகாது. மூன்றாமவர் இல்லையென்றால் அந்த ஏற்றத்தை எடுக்காதீர்கள்.

இறக்கம்தான் உண்மையான சோதனை. ஆனைமலையில் டாப்சிலிப் என்ற பெயரே மலை மேலிருந்து தடிகளைக் கீழே சறுக்கிவிட்டதால் வந்தது. சறுக்கிவிட்டவர்கள் தடிக்கு மேலே நின்றார்கள். கைப்பிடியைப் பிடித்து முன்னால் நடக்கும் நீங்களோ தடிக்குக் கீழே நிற்கிறீர்கள். கால் தடுக்கினால் 160 கிலோ உங்கள் மேல் ஏறித்தான் நிற்கும்.

ஆகவே இலேசான இறக்கம் வந்தாலும் நிறுத்தி, முட்டுக் கொடுத்து, தடியை இறக்கி, சங்கிலியை மூக்குப் பக்கம் மாற்றுங்கள். வால் உரசிக்கொண்டு வரட்டும். ஐந்து நிமிடம் போகும், போகட்டும். பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டிய இறக்கத்தில் வண்டியின் பின்னால் தாம்புக்கயிறு ஒன்றைக் கட்டி, மேலே உறுதியாக நிற்கும் மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுங்கள். மரத்தில் ஒரு முழுச் சுற்றே இழுவையைத் தோராயமாக ஐந்தில் ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். இரண்டு சுற்றுக்கு ஒரு கையே போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கைப்பிடிக்காரர் தடிக்கு நேர்கீழே நிற்காமல் கைப்பிடியின் ஓரத்தில் நின்று திசை மட்டும் காட்ட வேண்டும். ஆறுக்கு ஒன்று என்பதைவிடச் செங்குத்தான சரிவில் இந்த வண்டிக்கு வேலையே இல்லை.

சரிவில் குறுக்கே போவதைத் தவிர்க்க முடியாவிட்டால் தடியைத் தரையில் உரசும் அளவுக்குத் தாழ்த்தி, எல்லோரும் மேட்டுப் பக்கமாகவே நடங்கள். வண்டி கவிழத் தொடங்கினால் பிடிக்கப் போகாதீர்கள். இரும்பை மறுபடி நிமிர்த்திக்கொள்ளலாம்.

தென்னையும் சவுக்கும் கருவேலமும்

தென்னைக்குத் தனியாகச் சில வார்த்தைகள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. விழுந்த மரத்தைச் சும்மா விட முடியாது. அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கும் மரங்களுக்குப் போகும். அதாவது தென்னையில் இழுப்பு வேலைக்குக் கெடு இருக்கிறது. பச்சைத் தண்டு நீர் நிறைந்தது: மூன்றடிச் சுற்றளவுள்ள பத்தடித் துண்டு 200 கிலோ வரும். வேர்ப்பந்தோடு சாய்ந்த மரத்தை அறுக்கும்போது பந்து பழையபடி குழிக்குள் நிமிர்ந்து விழும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. தண்டின் மேல்நார் சிலாம்பாகக் கையில் ஏறும், கையுறை கட்டாயம். மூக்கு ஈரத்தில் நசுங்கினாலும் கவலையில்லை, ஆனால் இடுக்கி மட்டும் மாட்டினால் மென்மையான உள்பகுதியில் பிய்த்துக்கொண்டு வரும். தென்னைக்குச் சங்கிலிச் சுருக்குதான்.

சவுக்குக் கழிகளை ஒவ்வொன்றாக இழுப்பது வண்டிக்கும் அவமானம். ஐந்தாறு கழிகளைத் தூர் ஒரே பக்கமாகச் சேர்த்து, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, ஒரு தடியாகவே பாவியுங்கள். நடுவிலுள்ள கழி உருவிக்கொண்டு வராதபடி கட்டின் ஒரு சுற்று அதை மட்டும் தனியே பிடிக்க வேண்டும்.

சீமைக் கருவேலத்தில் தடி வளைந்திருக்கும். வளைவின் வயிறு கீழே தொங்கும்படி மாட்டினால் அது தானாகவே நிலைபெறும். வேறெப்படி மாட்டினாலும் வழியில் உருண்டு அந்த நிலைக்கே வரப் பார்க்கும். முள்ளுக்குக் காற்று டயர் தாங்காது. கருவேலங்காட்டில் மட்டுமே வேலை என்றால் திட ரப்பர் டயர் போட்டுவிடுங்கள். அதே வண்டி மணலுக்குப் போனால் திணறும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு.

இறக்குவதும் லாரியில் ஏற்றுவதும்

பாதையோரத்தில் நாலங்குல உயரமுள்ள இரண்டு குறுக்குக் கட்டைகளைப் போட்டு வையுங்கள். தடி அதன் மேல் இறங்கினால் அடுத்த முறை சங்கிலி நுழைக்கவும் கறையான் ஏறாமல் இருக்கவும் உதவும். சக்கரத்துக்கு முட்டு, தடியின் இரு பக்கமும் ஆப்பு, அதன் பிறகுதான் கைப்பிடியின் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது ஒரு கை கைப்பிடியை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். மாட்டும்போது இருந்த அதே எகிறல் இப்போதும் காத்திருக்கிறது. மெல்ல உயர்த்தி, சங்கிலி முழுவதும் தளர்ந்த பிறகு கழற்றுங்கள்.

லாரியில் ஏற்றுவது பெரும்பாலும் வியாபாரியின் ஆட்கள் வேலை. நீங்களே ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு கயிறு முறை சிறந்தது. மூன்றடி உயரத் தளத்துக்கு எட்டடி நீளமுள்ள இரண்டு சாய்வுக் கட்டைகளை வையுங்கள். இரண்டு கயிற்றின் ஒரு முனையை லாரித் தளத்தில் கட்டி, மறு முனையைத் தடிக்குக் கீழாகக் கொண்டுபோய் மேலே திருப்பி, தளத்தில் நிற்பவர்கள் இழுக்க வேண்டும். தடி உருண்டு ஏறும். 160 கிலோ தடியைச் சாய்வில் நேராகத் தள்ள 60 கிலோ விசை வேண்டும்; இந்த முறையில் அதுவும் பாதியாகி, இருவருக்கும் சேர்த்து 30 கிலோ, உராய்வுக்குக் கொஞ்சம் கூட. இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் வர வேண்டும், இல்லையென்றால் தடி கோணும். சாய்வுக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

வண்டியைப் பார்த்துக்கொள்வது

பேரிங்குக்குக் கிரீஸ், டயருக்குக் காற்று, மழையில் நனைந்தால் துடைப்பு. இவை யாரும் சொல்லாமலே செய்வது. சொல்ல வேண்டியது வெல்டிங்கைப் பற்றி. ஒவ்வொரு நாள் வேலைக்கும் முன் குட்டை அச்சு சேரும் இடத்தையும் கொக்கிக் கையின் அடியையும் மண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெயின்ட் மேல் முடியளவு துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல் தொடங்கிவிட்டது. அன்று வண்டி தோப்புக்குப் போகக் கூடாது, பட்டறைக்குத்தான். சங்கிலியில் நீண்டுபோன கண்ணி ஒன்று இருந்தாலும் அந்தச் சங்கிலியைத் தூக்கும் வேலைக்கு இனி வைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டுக் கொட்டகைக் கதவுக்குப் போட்டுக்கொள்ளலாம்.